லின்னேயஸ் ட்ரைப்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

இவர் ராணுவ அதிகாரியா, புகைப்படக்காரரா?
ரெண்டும்தான். 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர், இளவயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்தார். படமெடுப்பது ஆரம்பத்தில் வெறும் பொழுதுபோக்கு. 1854-இல் கன்னட நாட்டின் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். மறுவருடம் மதராஸ் கண்காட்சியில் அவற்றுக்குப் பதக்கம் கிடைத்தது. அதே 1855-இல் பர்மிய அரசவைக்குப் போன தூதுக்குழுவோடு போய், அமரபுரா, பகான் எல்லாம் எடுத்து வந்தார். 1856-இல் மதராஸ் மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராகவே நியமித்துவிட்டது.

அந்த வெயிலில் எப்படிச் சமாளித்தார்?
பெரும்பாலும் மெழுகு பூசிய காகித நெகட்டிவ். ஈரக் கண்ணாடித் தகடு என்றால் காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டும். இந்தக் காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து எடுத்துப் போகலாம். ஆனால் படத்தில் பதிய, எதுவானாலும் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அதனால்தான் மதுரை, ஸ்ரீரங்கம் படங்களில் ஊரே காலியாகத் தெரிகிறது. ஆள் நடமாட்டம் இல்லாமல் இல்லை, நடந்தவர்கள் பதியவில்லை.

படங்களில் மேகம் அழகாக இருக்கிறதே?
அது கைவேலை! அந்தக் கால நெகட்டிவில் வானம் திட்டுத்திட்டாகிவிடும். நெகட்டிவ் மேலேயே வண்ணம் தீட்டி மேகத்தை உண்டாக்குவார்.

அவருடைய சிறந்த வேலை எது?
என்னைக் கேட்டால், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு. 1858-இல் அதைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுப் படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். ஓரிடத்தில் தூரமோ உயரமோ மாறினால் வரி அடுத்த படத்தோடு சேராது. எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதே நோக்கம். கோபுரம் எடுக்க ஆயிரம் பேர் வருவார்கள், அடித்தளத்து எழுத்துக்கு இவ்வளவு மெனக்கெட யார் வருவார்? அதிகாரி புத்தி என்று கேலி செய்யலாம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

தனியாகவா செய்தார்?
இல்லை. மதராஸ் தொழிற்கலைப் பள்ளியில் பயின்ற ஐயாசாமி என்பவர் உதவியாளர். ஆனால் பேர் என்னவோ ட்ரைப்புக்குத்தான்.

அப்புறம் ஏன் நிறுத்தினார்?
1859-இல் மதராஸ் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று அரசின் புகைப்படப் பிரிவையே மூடினார். ட்ரைப் படைக்குத் திரும்பினார், கேமராவை ஏறக்குறைய விட்டேவிட்டார். ஓய்வுபெற்று இங்கிலாந்து போய், 1902-இல் இறந்தார்.