எடைக்குப் போடுமுன் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: தாத்தா சீமெண்ணெய் வியாபாரம் செய்தவர். பரண் ஒழிக்கும்போது சிப்பி படத்தோடு 'பர்மா ஷெல்' என்று எழுதிய எனாமல் போர்டு ஒன்று கிடைத்தது. நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்கிறார் மாமா. காயலான் கடைக்காரர் 300 ரூபாய்க்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகர், லால்குடி

பதில்: கொடுக்காதீர்கள். அதேசமயம் மாமா சொல்லும் வயதிலும் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். பர்மா ஷெல் என்ற பெயர் இங்கே வந்ததே 1928-ல்தான். 1976 ஜனவரியில் அரசாங்கம் கம்பெனியை எடுத்துக்கொண்டது, அடுத்த வருஷம் அது பாரத் பெட்ரோலியம் ஆகிவிட்டது. ஆக உங்கள் போர்டு இந்த 48 வருஷத்துக்குள் பிறந்திருக்க வேண்டும். இந்தப் போர்டுகளுக்குக் கம்பெனிப் பெயர்தான் ஜாதகம். 'எஸ்ஸோ' என்று இருந்தால் 1974-க்கு முந்தியது, ஏனென்றால் அந்த வருஷம் அது இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது. கால்டெக்ஸும் 1978-ல் அதிலேயே கரைந்தது. எழுத்தில் எங்காவது 'கேலன்' தென்பட்டால் லிட்டர் வருவதற்கு முந்தைய காலம், இன்னும் நல்லது.

கேள்வி: டெக்சஸில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பழைய சாமான் சந்தையில் 'டெக்சாகோ ஃபயர் சீஃப்' தகடு ஒன்றை 90 டாலருக்கு வாங்கினேன். சிவப்புத் தீயணைப்புத் தொப்பி போட்டது. ஓரத்தில் துருகூட இருக்கிறது. அசல்தானே?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: துருவை வைத்து மட்டும் நம்பிவிடாதீர்கள் அம்மா, துருவை ஒரே வாரத்தில் வரவழைக்கலாம். உப்புத் தண்ணீர் போதும். ஃபயர் சீஃப் என்பது டெக்சாகோ 1932-ல் கொண்டுவந்த பெட்ரோல். அந்தத் தகடு 12 அங்குல அகலம், 18 அங்குல உயரம், பம்ப்பின் முகத்திலேயே திருகிவைப்பார்கள். அமெரிக்காவில் அதிகம் போலி செய்யப்படும் தகடுகளில் இதுவும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால் அந்தப் போலிகளில் ஒரு பங்கு நம் நாட்டுப் பட்டறைகளில் அடித்து அங்கே கப்பலேறுகிறது, நீங்கள் அதையே டாலர் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்திருக்கவும் வாய்ப்பு உண்டு!

சரி, கையில் எடுங்கள். எனாமல் என்பது பெயின்ட் இல்லை. கண்ணாடித் தூளை இரும்பின் மேல் பூசி 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுட்டெடுப்பது, அதுவும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சுடல். அதனால் சிவப்பும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டில் நகத்தை ஓட்டினால் பல பழைய தகடுகளில் சின்னப் படி ஒன்று இடறும். அடுத்து திருகு ஓட்டைகள். அசலில் ஓட்டை போட்ட பிறகுதான் சூளைக்குப் போகும், எனவே எனாமல் ஓட்டையின் உள்விளிம்பு வரை வழிந்திருக்கும், வருஷக்கணக்காகத் திருகு அழுத்திய இடத்தில் மட்டும் வட்டமாகப் பெயர்ந்திருக்கும். திருகே படாத ஓட்டையைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிய மாதிரி உடைந்திருந்தால் யாரோ 'பழசு' செய்திருக்கிறார்கள். பெயர்ந்த இடத்தில் பழைய துரு கருத்த காப்பிக்கொட்டை நிறத்தில் கெட்டியாக இருக்கும்; பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் விரலில் ஒட்டினால் சந்தேகப்படுங்கள். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் தேதி இருந்தாலும் உடனே சந்தோஷப்பட வேண்டாம், போலி அடிப்பவர்கள் தேதியையும் சேர்த்தேதான் காப்பியடிக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் தேதியை மட்டும் பார்த்து ஒன்று வாங்கினேன். அது இப்போது எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி.

கேள்வி: பித்தளை மூடி போட்ட பழைய ஆயில் கேன். புளி போட்டுத் தேய்க்கலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ஐயோ, வேண்டாம். குத்துவிளக்குக்குத்தான் பளபளப்பு அழகு. இதை வாங்குகிறவர் அந்த மங்கலுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். சோப்புத் தண்ணீரில் நனைத்த மெத்தென்ற துணி, ஈரம் போகத் துடைத்தபின் துருப்பிடித்த இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அவ்வளவே. எமரி பேப்பர் பக்கமே போகாதீர்கள். போன எழுத்தைத் திரும்ப எழுதுவது அதைவிட மோசம்.

கேள்வி: எனக்கும் ஆசைதான், ஆனால் இடமும் இல்லை, பணமும் இல்லை. எங்கே தொடங்குவது?
– ஒரு மாணவர், மதுரை

பதில்: தலையில் கண்ணாடிக் குடுவை வைத்த பழைய பெட்ரோல் பம்ப்பைப் படத்தில் பார்த்து மயங்காதீர்கள், அது ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கும், வீட்டு ஓனர் சம்மதிக்க மாட்டார். காகிதத்தில் தொடங்குங்கள். பிட்ஸ்பர்க்கில் கல்ஃப் கம்பெனி 1913-ல் ஒரு பங்க் திறந்தது, கொஞ்ச நாளில் வருகிறவர்களுக்கு ரோடு மேப்பை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. மற்ற கம்பெனிகளும் பிடித்துக்கொண்டன, 1970-களில் எண்ணெய் நெருக்கடி வரும்வரை கிட்டத்தட்ட எல்லா பங்க்கிலும் கிடைத்தது. அவ்வளவு அச்சடித்ததால் பல மேப்புகள் இன்றும் மலிவுதான். நம்மூரில் என்றால் பழைய ரசீதுப் புத்தகம், தீப்பெட்டி, காலண்டர் அட்டை. ஆவணி மூல வீதிப் பக்கம் பழைய கடைகளில் கேட்டுப் பாருங்கள், கேட்கும்போது முகத்தில் ஆசையைக் காட்டாமல்.