கணினி கேள்வி–பதில்: அட்மின் பூட்டு எதுவரை தாங்கும்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் நான்கு விண்டோஸ் 7 கணினிகள் உள்ளன. பணியாளர்களுக்கு ஸ்டாண்டர்ட் யூசர் கணக்கு மட்டும்தான். அட்மின் பாஸ்வேர்டு என்னிடமே இருக்கிறது. இந்த ஏற்பாடு போதாதா?
– கணக்காளர், விருதுநகர்

பதில்: ஏற்பாடு நல்லதுதான், அதை மாற்ற வேண்டாம். ஆனால் அந்தப் பூட்டைத் தாங்கி நிற்பது விண்டோஸின் கெர்னல், அதாவது அதன் மையப்பகுதி. எந்தப் புரோகிராம் ஓடத் தொடங்கினாலும், அது யாருடைய கணக்கில் ஓடுகிறது, எதையெல்லாம் தொடலாம் என்று குறித்த ஓர் அனுமதிச் சீட்டைக் கெர்னல் அதற்குக் கொடுக்கிறது. இதற்கு டோக்கன் என்று பெயர். ஒரு கோப்பைத் திறப்பதானாலும் பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸை நிறுத்துவதானாலும் அந்தச் சீட்டைப் பார்த்த பிறகே அனுமதி கிடைக்கும். நினைவகத்தைத் தவறாகக் கையாளும் பிழை கெர்னலிலேயே இருந்தால், சாதாரணக் கணக்கில் ஓடும் புரோகிராம் அந்தப் பிழை வழியாகப் புகுந்து, தன் சீட்டுக்குப் பதிலாக 'சிஸ்டம்' கணக்கின் சீட்டை மாற்றிக்கொள்ளும். 'சிஸ்டம்' என்பது அட்மினுக்கும் மேலான கணக்கு. உங்கள் பாஸ்வேர்டுக்கு அங்கே வேலையே இல்லை. பிரிவிலேஜ் எஸ்கலேஷன், அதாவது அதிகார உயர்வு என்று சொல்வது இதைத்தான்.

ஈரானின் நத்தான்ஸ் அணு ஆலையைத் தாக்கியதாக 2010-ல் தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீங்கு நிரலும் அதிகார உயர்வைத்தான் கையாண்டது. எக்ஸ்பி இருந்த கணினிகளில் கீபோர்டு லேஅவுட்டைக் கையாளும் பகுதியில் இருந்த ஓட்டை, விஸ்டாவிலும் 7-லும் டாஸ்க் ஷெட்யூலரில் இருந்த ஓட்டை என்று இரண்டையும் அது வைத்திருந்தது. அந்த இரண்டும் அடைக்கப்பட்டுவிட்டன. உங்கள் சிக்கல் அதற்குப் பிறகு வந்த ஓட்டைகள்தான். விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. நிறுவனங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு தந்த திருத்தங்களும் 2023 ஜனவரியோடு நின்றன. புதிய விண்டோஸின் கெர்னலில் பெரும்பகுதி பழைய கெர்னலிலிருந்து வந்ததே. அதனால் புதியதற்கு ஒரு பேட்ச் வெளியானால், பேட்சுக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் ஒப்பிட்டு, எந்த வரி மாறியது, அதே வரி 7-லும் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். புதியதற்கு மருந்தாக வரும் பேட்ச், பழையதில் எங்கே தாக்கலாம் என்றும் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பணியாளர் ஒருவர் மெயிலில் வந்த போலி இன்வாய்ஸைத் திறந்தால், அவர் எழுதக்கூடிய கோப்புகள் எல்லாம் அப்போதே ஆபத்தில்தான். அதற்கு அதிகார உயர்வுகூடத் தேவையில்லை. அதுவும் சேர்ந்துவிட்டால் ஆன்டிவைரஸ் நிறுத்தப்படும், விண்டோஸ் தானே எடுத்துவைக்கும் பழைய பிரதிகளான ஷேடோ காப்பிகள் அழிக்கப்படும், நினைவகத்தில் கிடக்கும் பாஸ்வேர்டுகள் திருடப்பட்டு மற்ற மூன்று கணினிகளுக்கும் பரவும்.

நான்கில் மூன்று கணினிகளையாவது புதிய விண்டோஸுக்கு மாற்றிவிடுங்கள். பழைய மென்பொருளுக்காக ஒன்றை வைத்தே ஆக வேண்டுமென்றால் அதன் லேன் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை டிவைஸ் மேனேஜரில் முடக்குங்கள். மெயிலும் பிரவுசரும் அதில் வேண்டாம். பேக்கப் டிஸ்க்கை நகல் எடுக்கும் நேரத்தில் மட்டும் செருகுங்கள்.

கேள்வி: பழைய விண்டோஸில் நல்ல ஆன்டிவைரஸ் போட்டால் சமாளிக்கலாமா?
– மாணவி, திருச்சி

பதில்: முடியாது. ஆன்டிவைரஸும் அதே கெர்னலை நம்பி ஓடும் ஒரு புரோகிராம்தான். தெரிந்த தீங்கு நிரல்களை அது வாசலில் பிடிக்கும், அந்த அளவில் பயன் உண்டு. சிஸ்டம் அதிகாரம் கைமாறிய பிறகு அதையே நிறுத்திவிடலாம்.

கேள்வி: கடையில் விண்டோஸ் 11, அப்டேட்டும் சரியாக நடக்கிறது. பில்லிங் சாஃப்ட்வேரை சி டிரைவில் நேரடியாக ஒரு ஃபோல்டர் போட்டு நிறுவியிருக்கிறார்கள். இது ஆபத்து என்கிறார் நண்பர். அப்டேட் செய்த கணினியில் என்ன ஆபத்து?
– மருந்துக் கடைக்காரர், கும்பகோணம்

பதில்: நண்பர் சொல்வது சரி. இது கெர்னலில் உள்ள பிழை அல்ல, நிறுவிய விதத்தில் உள்ள பிழை. அதனால் எந்த அப்டேட்டும் இதைச் சரிசெய்யாது.

புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் சாதாரண யூசர் எதையும் மாற்ற முடியாது. சி டிரைவின் வேரில் புதிதாக உருவாக்கும் ஃபோல்டர் அப்படி இல்லை. லாகின் செய்த எல்லோருக்கும் மாற்றும் உரிமையை அது இயல்பாகவே பெற்றுவிடும். பில்லிங் மென்பொருளோடு டேட்டாபேஸ் சர்வீஸ் ஒன்றும் வந்திருக்கும், பெரும்பாலும் 'லோக்கல் சிஸ்டம்' கணக்கில் ஓடும். அந்த சர்வீஸின் எக்ஸிஇ கோப்பு அந்த ஃபோல்டரிலேயே இருந்தால், பில் போடும் பையனின் கணக்கில் நுழைந்த நிரல் அந்தக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டுத் தன் கோப்பை அதே பெயரில் வைத்துவிடும். அடுத்த முறை கணினியைப் போட்டதும் விண்டோஸே அதைச் சிஸ்டம் அதிகாரத்தோடு ஓட்டும்.

சர்வீசஸ் ஜன்னலைத் திறந்து, பில்லிங் நிறுவனம் வைத்த சர்வீஸ் ஒவ்வொன்றின் பிராப்பர்டீஸிலும் கோப்பு எங்கே இருக்கிறது, லாக் ஆன் பகுதியில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அந்த ஃபோல்டரின் செக்யூரிட்டி பகுதியில் 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' பெயருக்கு எதிரே 'மாடிஃபை' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் அட்வான்ஸ்டில் போய், மேலிருந்து உரிமைகள் தானாக இறங்கிவரும் இன்ஹெரிட்டன்ஸை நிறுத்துங்கள். இருக்கும் உரிமைகளை அப்படியே வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுத்துவிட்டு, ஆதென்டிகேட்டட் யூசர்ஸை மட்டும் நீக்குங்கள். யூசர்ஸுக்குப் படிக்கவும் ஓட்டவும் உரிமை இருக்கட்டும்.

பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். மறுநாள் பில் சேமிக்க முடியாமல் மென்பொருள் நின்றுவிடும், ஏனென்றால் டேட்டா கோப்புகளும் அதே ஃபோல்டருக்குள் இருக்கும். அவை தனியாக உள்ள உட்ஃபோல்டருக்கு மட்டும் யூசர்ஸுக்கு மாடிஃபை உரிமை கொடுங்கள். எக்ஸிஇ, டிஎல்எல் இருக்கும் இடத்துக்குக் கொடுக்காதீர்கள். இரண்டும் ஒரே ஃபோல்டரில் கலந்து கிடந்தால், மென்பொருள்காரரைக் கூப்பிட்டுப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். டி டிரைவில் நிறுவியிருந்தாலும் இதே சோதனை தேவை. அங்கே டிரைவின் வேரிலேயே எல்லோரும் எழுத முடிவது வழக்கம்.

கேள்வி: ஆய்வக சர்வரில் உபுண்டு லினக்ஸ் 16.04. 120 மாணவர்களுக்கு லாகின் உண்டு. ஒரு மாணவர் இரண்டே நிமிடத்தில் ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) ஆகி எங்களிடமே காட்டினார். எப்படி நடந்தது? என்ன செய்ய வேண்டும்?
– ஆய்வக உதவியாளர், திருநெல்வேலி

பதில்: முதலில், மறைக்காமல் காட்டிய அந்த மாணவரைத் தண்டிக்காதீர்கள். எந்த வழியாகப் போனார் என்று அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

எங்கள் ஊகம் 'போன்கிட்' (PwnKit). குவாலிஸ் நிறுவனம் 2022 ஜனவரியில் வெளியிட்ட இந்த ஓட்டை, ரூட் அதிகாரத்தில் ஓடும் பிகேஎக்ஸெக் (pkexec) என்ற கட்டளையில் 2009 முதலே இருந்தது. கட்டளைப் பட்டியலின் தொடக்கத்தில் தன் பெயராவது இருக்கும் என்று நம்பி அந்தப் புரோகிராமை எழுதிவிட்டார்கள். பட்டியலையே காலியாகக் கொடுத்து அழைத்தால், அது எல்லை தாண்டி, நினைவகத்தில் அடுத்திருக்கும் சூழல் மாறிகளை (புரோகிராமுக்குத் தரப்படும் அமைப்பு விவரங்களை) படிக்கிறது, அங்கே எழுதவும் செய்கிறது. ரூட் அதிகாரத்தில் ஓடும் புரோகிராம்களுக்கு ஆபத்தான சூழல் மாறிகளை லினக்ஸ் முன்கூட்டியே அகற்றிவிடும். அகற்றிய ஒன்றை இந்த ஓட்டை திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது. அதைக்கொண்டு தாக்குபவரின் லைப்ரரி ரூட் அதிகாரத்தில் ஏறிவிடும். 16.04-க்கான பொது ஆதரவு 2021 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதால், நீட்டித்த ஆதரவில் பதிவு செய்திருந்தால்தான் இதற்கான திருத்தம் கிடைத்திருக்கும்.

புதிய சர்வர் தயாராகும்வரை, ரூட்டாக இருந்து பிகேஎக்ஸெக் கோப்பின் அனுமதியை 4755-லிருந்து 0755 ஆக மாற்றுங்கள். முன்னால் உள்ள அந்த 4 தான் செட்யூஐடி, யார் ஓட்டினாலும் ரூட்டாக ஓடு என்ற குறி. அதை எடுத்தால், இந்தக் கட்டளையை வைத்துப் பாஸ்வேர்டு கேட்கும் டெஸ்க்டாப் கருவிகள் சில வேலை செய்யாது. சர்வரில் அது இழப்பே இல்லை.

ரூட் அதிகாரத்தில் கட்டளையை ஓட்டித் தரும் சூடோவையும் சோதியுங்கள். 2011-ல் நுழைந்து 2021 ஜனவரியில் வெளியான 'பேரன் சேமடிட்' ஓட்டைக்கு 16.04-க்கும் திருத்தம் வந்தது. ஆனால் நீங்கள் அப்டேட் செய்திருக்க வேண்டும். வெர்ஷன் எண்ணைப் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். உபுண்டு பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை உள்ளே சேர்த்துவிடும். சாதாரண லாகினில் சூடோஎடிட், இடைவெளி, கழித்தல் குறியோடு சிறிய எஸ், இடைவெளி, ஒரு சாய்கோடு (sudoedit -s /) என்று அடியுங்கள். பதில் 'யூசேஜ்' என்று தொடங்கினால் அடைபட்டிருக்கிறது. 'சூடோஎடிட்' என்று தொடங்கினால் திறந்திருக்கிறது.

கெர்னலை அப்டேட் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யாமல் மாதக்கணக்கில் ஓட்டுவது சர்வர்களில் சர்வசாதாரணம். புதிய கெர்னல் டிஸ்க்கில் தூங்கும், ஓட்டையுள்ள பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கும். பழையது என்பதாலேயே மோசம் என்றும் ஆகாது. 2022-ல் வந்த 'டர்ட்டி பைப்' 5.8 கெர்னலில் நுழைந்த பிழை, உங்கள் பழைய கெர்னலை அது தொடவே இல்லை. ஒன்பது ஆண்டு ஒளிந்திருந்து 2016-ல் வெளிவந்த 'டர்ட்டி கவ்' நேர்மாறு. ஆகவே கேட்க வேண்டியது வயதை அல்ல, அதைப் பராமரிக்க ஆள் இருக்கிறார்களா என்பதை.

ஒருமுறை ரூட் போன சர்வரை, ஓட்டையை அடைத்த பிறகும் நம்ப முடியாது. அந்த மாணவருக்கு முன்னால் யார் வந்து போனார்கள் என்று எந்த லாகும் உறுதியாகச் சொல்லாது, ரூட் ஆனவர் லாகையே மாற்றலாம். உபுண்டு 24.04-ஐப் புதிதாக நிறுவி, மாணவர்களின் ஹோம் ஃபோல்டர்களை மட்டும் கொண்டுவாருங்கள். எல்லாப் பாஸ்வேர்டுகளையும் எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் மாற்றுங்கள். ஹோம், டெம்ப் இரண்டையும் 'நோசூயிட்' என்ற தேர்வோடு மவுன்ட் செய்யுங்கள். அங்கே யாராவது செட்யூஐடி கோப்பை ஒளித்துவைத்திருந்தாலும் அது பலிக்காது. ஆர்வத்தில் 'நோஎக்ஸெக்'கும் சேர்த்துவிடாதீர்கள், மாணவர்கள் கம்பைல் செய்த புரோகிராமே ஓடாது.

கேள்வி: வீட்டில் விண்டோஸ் 10, ஏழாம் தலைமுறை இன்டெல். 11 ஏற மறுக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?
– வாசகர், வேலூர்

பதில்: வேண்டாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. வெர்ஷன் 22ஹெச்2 ஆக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு இருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு லினக்ஸ் மின்ட் போடுங்கள், 4 ஜிபி ரேம் போதும். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிரின்டரும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று உறுதிசெய்துகொண்டு நிறுவுங்கள்.

சோதனையை மீறி விண்டோஸ் 11-ஐ ஏற்றும் குறுக்குவழிகள் இணையத்தில் கிடைக்கும், பரிந்துரைக்க மாட்டோம். அப்படி ஏற்றிய கணினிகளுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. அப்டேட்டுக்காகத்தானே 11-க்கே போகிறீர்கள்?