பூசணம் பிடித்த கேசட்டும் மலைப் பாட்டும்

கேள்வி: என் மாமனார் ஏற்காட்டில் வாத்தியாராக இருந்தபோது, 1986-ல் நாகலூர்ப் பக்கத்து மலையாளிப் பழங்குடி மக்கள் பாடிய பாட்டுகளை 11 கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறார். சிலவற்றில் வெள்ளையாகப் பூசணம் படிந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு மாற்றி யூடியூபில் போடலாமா? (வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: யூடியூப் இருக்கட்டும், முதலில் அந்தக் கேசட்டுகளை ஓட்டாதீர்கள். எங்கள் அத்தையின் தாலாட்டை நான் ஆசையில் வீட்டு டேப்பில் போட்டு, ரப்பர் உருளையில் நாடா சுற்றிக்கொண்டு நாலு நிமிடப் பாட்டு கசங்கிப்போனது. இன்னும் உறுத்துகிறது.

ஏற்காட்டு மூடுபனியின் ஈரம் நாடாவுக்கு ஆகாது. பூசணம் பிடித்ததைத் தனியாக எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் சில நாள் காயவையுங்கள். பிறகு முகக்கவசம் போட்டு, வெளியே உட்கார்ந்து மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். திருகாணி போட்ட கேசட் என்றால் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றலாம். நாடாவை அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தாலும் அதே வழிதான். கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளை மறக்காமல் உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் பாட்டு அழியாது.

நல்ல கேசட் டெக் (கேசட் ஓட்டும் கருவி) ஒன்றை இரவல் வாங்குங்கள். நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்த பின், அதன் பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகை மெல்லத் திருப்பிக் கேளுங்கள். மாமனாரின் டேப்பில் ஹெட் இருந்த சாய்வும் இந்த டெக்கின் சாய்வும் ஒன்றாக இருக்காது. மங்கலாகக் கேட்கும் குரலில் 'ச', 'ஸ' பளிச்சென்று தெறிக்கும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்யவேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் பின்னால் எந்த மென்பொருளும் இதை ஈடுகட்டாது.

டெக்கைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள். ஒலிக் காப்பகங்கள் பரிந்துரைக்கும் அளவு அது. ஒரு மணி நேரக் கேசட்டுக்குச் சுமார் 2 ஜிபி ஆகும். எம்பி3 வேண்டுமானால் அதிலிருந்து தனிப் பிரதி எடுங்கள். மூலத்தில் இரைச்சலைச் சுத்தம் செய்யவே வேண்டாம். நாய் குரைப்பும், நடுவில் யாரோ "இன்னொருக்கா பாடு" என்பதும்கூடப் பதிவுதான். வாட்ஸப்பில் ஆடியோவாக அனுப்பினால் ஒலியைச் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

இனி யூடியூப். கேசட் உங்களுடையது, குரல் உங்களுடையதல்ல. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, பாடியவருக்கு உள்ள நிகழ்த்துநர் உரிமையை 50 ஆண்டு என்கிறது. அதைவிட எனக்குக் கவலை, எது என்ன பாட்டு என்பது. நடவுப் பாட்டு ஊருக்கே பொது. இறந்தவர் பேரைச் சொல்லி அழுத ஒப்பாரியை அந்த வீட்டார் கேட்காமல் ஊரறியப் போடலாமா? சாமி முன்னால் மட்டும் பாடுவதும் இருக்கலாம். பதிவோடு மலைக்குப் போய், பாடியவர்களையோ பிள்ளைகளையோ உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். யார் பாடியது, எந்தச் சந்தர்ப்பம் என்று அவர்கள் சொல்வதையும் பதிந்துகொள்ளுங்கள். வேண்டாம் என்றதை விட்டுவிடுங்கள்.

அப்படி ஒதுக்கியதற்கும் இடம் உண்டு. அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் 1982-ல் தொடங்கிய இசையியல் காப்பகம் இப்போது குருகிராமில் இருக்கிறது. அங்கே, பதிவை யார் கேட்கலாம் என்ற நிபந்தனையைக் கொடுப்பவரே விதிக்கலாம்.

மலைக்குப் போகும்போது பேட்டரி ஸ்பீக்கர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் பறையின் அடித்தொனி கேட்காது, பெரியவர்களுக்குப் பாட்டே பிடிபடாது.