விலையை உயர்த்துவது யார்?

கேள்வி: ஆங்கில வணிகச் செய்திகளில் ‘மார்க்கெட் ஃபோர்சஸ்’, ‘பிரஷர்’, ‘மொமென்டம்’, ‘ஷாக்’ என்று இயற்பியல் பாடத்துச் சொற்களே நிறைந்து கிடக்கின்றன. வாணிபத்துக்கும் விசைக்கும் என்ன சம்பந்தம்? இது வெறும் அலங்காரம்தானே? தமிழிலும் இப்படியே எழுதிவிட்டுப் போனால் என்ன?

பதில்: அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நியூட்டனின் ‘பிரின்சிபியா’ 1687-ல் வெளிவந்தது. எண்ணற்ற நிகழ்வுகளை ஒரே விதியால் விளக்கிவிடலாம் என்ற நம்பிக்கையை அந்த நூல் அறிஞர்களிடையே விதைத்தது. வானியலின் வரலாற்றைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதிய ஆடம் ஸ்மித்துக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. 1776-ல் வெளியான ‘நாடுகளின் செல்வம்’ நூலின் முதல் புத்தகம், ஏழாம் அத்தியாயத்தில், ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் இயல்பு விலை உண்டு என்றும், சந்தை விலைகள் ஓயாமல் அதை நோக்கியே ஈர்க்கப்படுகின்றன என்றும் அவர் எழுதினார். கோள்களுக்கு நியூட்டன் சொன்ன ஈர்ப்பு அங்கே விலைக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் அதே அத்தியாயத்தைத் தொடர்ந்து படியுங்கள். நாடே துக்கம் அனுசரிக்கும்போது கறுப்புத் துணியின் விலை ஏறுகிறது என்கிறார் ஸ்மித். கையில் சரக்கு வைத்திருக்கும் வியாபாரிக்கு லாபம் கூடுகிறது. துணி ஏற்கெனவே நெய்து முடிந்துவிட்டதால் நெசவாளியின் கூலி கூடுவதில்லை. உடை தைக்க ஆள் வேண்டியிருப்பதால் தையல்காரரின் கூலி மட்டும் கூடுகிறது. விலை ஏறியதைப் போட்டியாளர்கள் அறியாதபடி வியாபாரிகள் மறைப்பதையும், ஏகபோக உரிமை பெற்றவர்கள் சந்தைக்குப் போதிய சரக்கை விடாமல் விலையை உயர்த்தி வைப்பதையும் அவர் அங்கேயே சொல்கிறார். விசையின் மொழியில் பேசிய அதே மனிதர், விலையை உயர்த்துகிறவர் யார், அதனால் பிழைக்கிறவர் யார் என்பதையும் ஆள் ஆளாகக் காட்டினார். இன்றைய செய்தி எழுத்து அவரிடமிருந்து விசையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்களை விட்டுவிட்டது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

இரவல் சொல் எல்லாமே பழுது என்று நான் சொல்லவில்லை. லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் அறிஞர் எரன்ஃபெஸ்ட்டிடம் பயின்று முனைவர் பட்டம் பெற்றவரும், பிறகு 1969-ல் பொருளியலுக்கான முதல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவருமான யான் டின்பெர்கன், இரு நாடுகளுக்கிடையே நடக்கும் வாணிபம் அவற்றின் பொருளாதார அளவைப் பொறுத்துக் கூடும், இடைப்பட்ட தொலைவைப் பொறுத்துக் குறையும் என்று 1962-ல் ஒரு சமன்பாட்டை முன்வைத்தார். அதையும் ‘ஈர்ப்பு மாதிரி’ (கிராவிட்டி மாடல்) என்றே அழைக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரை ஏற்றதோடு யாரும் நின்றுவிடவில்லை. புள்ளிவிவரங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். நியூட்டனின் விதிப்படி தொலைவு இரு மடங்கானால் ஈர்ப்பு கால் பங்காகும். வாணிபமோ ஏறக்குறையப் பாதியாகத்தான் குறைகிறது என்று பெரும்பாலான கணக்கீடுகள் காட்டுகின்றன. இப்படி அளந்து, மூலத்திலிருந்து எங்கே விலகுகிறது என்றும் சொல்ல முடிகிற சொல்லுக்குத் தமிழிலும் தாராளமாக இடம் கொடுக்கலாம். விலை மாறும்போது தேவை எவ்வளவு மாறுகிறது என்பதை அளக்கப் பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் வகுத்த ‘தேவை நெகிழ்ச்சி’யும் அத்தகையதே.

‘விலைகள் மேல்நோக்கிய அழுத்தத்துக்கு உள்ளாகியுள்ளன’ என்ற வாக்கியம் அந்த வகையில் சேராது. அழுத்தியவர் அதில் இல்லை. சரக்கைப் பதுக்கியவரா, வரியை உயர்த்திய அரசா, மழை பொய்த்ததா என்று கேட்க வாசகருக்கு அந்த வாக்கியம் வழியே விடுவதில்லை. நம் மொழியில் விலை ஏறும், இறங்கும். யாராவது அதை ஏற்றினால் ஏற்றினார் என்று எழுதவும் வினை கைவசம் இருக்கிறது. அப்படியிருக்க, ஆளை மறைக்கும் வாக்கியத்தை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

நீங்கள் குறிப்பிட்ட ‘ஷாக்’ என்ற சொல்லையே பாருங்கள். 1973-ஆம் ஆண்டின் விலையேற்றத்தை ஆங்கிலம் ‘ஆயில் ஷாக்’ என்கிறது; நாமும் அதை ‘எண்ணெய் அதிர்ச்சி’ என்று எழுதுகிறோம். அதிர்ச்சி என்றால் நிலநடுக்கம்போலத் தானாக வந்தது என்றே தோன்றும். நடந்தது வேறு. அரபு–இஸ்ரேல் போர் நடந்துகொண்டிருந்த அக்டோபரில், வளைகுடா எண்ணெய் நாடுகளின் பிரதிநிதிகள் குவைத்தில் கூடி, பீப்பாய்க்குச் சுமார் 3 டாலராக இருந்த அறிவிப்பு விலையை 5.12 டாலராக்கினார்கள். இஸ்ரேலை ஆதரித்த நாடுகளுக்கு எண்ணெய் இல்லை என்று அரபு நாடுகள் தடை விதித்தன. டிசம்பரில் வளைகுடா நாடுகளின் பிரதிநிதிகள் டெஹ்ரானில் மீண்டும் கூடி, 1974 ஜனவரி 1 முதல் 11.65 டாலர் என்று முடிவு செய்தார்கள். அவர்களின் நியாயமும் அநியாயமும் விவாதத்துக்கு உரியவை. டாலரின் மதிப்பு சரிந்ததையும், முன்பு நெடுங்காலம் மேலை நாட்டு நிறுவனங்களே விலையை வைத்துவந்ததையும் அந்த விவாதத்தில் சேர்த்தாக வேண்டும். ‘அதிர்ச்சி’ என்று எழுதினால் அந்த விவாதம் தொடங்கவே தொடங்காது.