தள்ளிப்போகும் பிராசஸருக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: என் டெஸ்க்டாப்புக்கு ஏழு வயது. வீடியோ எடிட்டிங்தான் தொழில். புதிய பிராசஸர் வரட்டும் என்று பொறுத்திருந்தேன். இரண்டு முறை தள்ளிவைத்தார்கள், இப்போது தேதியே சொல்வதில்லை. இன்னும் காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம், இப்போது கிடைப்பதை வாங்கிவிடுங்கள். தேதியே சொல்லவில்லை என்கிறீர்களே, அதை வைத்துத்தான் இப்படிச் சொல்கிறேன்.

எல்லாத் தாமதமும் ஒன்றல்ல. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 9000 பிராசஸர் வரிசை 2024 ஜூலை 31 அன்று விற்பனைக்கு வர வேண்டியது. ஒரு வாரம் இருக்கும்போது, முதலில் அனுப்பிய சிப்கள் எதிர்பார்த்த தரத்தில் இல்லை என்று தள்ளிவைத்தார்கள். ஆனால் கையோடு புதிய தேதியும் சொன்னார்கள்: சில ஆகஸ்ட் 8, மற்றவை ஆகஸ்ட் 15. அதன்படியே வந்தன. இப்படிப்பட்ட தாமதம் நமக்கு நல்லதுதான். 2011 ஜனவரியில் இன்டெல் ஒரு சிப்செட்டை (மதர்போர்டில் இருக்கும் துணைச் சிப்) விற்கத் தொடங்கிய பிறகுதான் அதன் சாட்டா போர்ட்டுகள் (ஹார்ட் டிஸ்க் போன்றவற்றை இணைக்கும் இடங்கள்) சில நாளடைவில் கெட்டுப்போகும் என்று கண்டுபிடித்தது. வாங்கியவர்கள் மதர்போர்டையே மாற்ற வேண்டியதாயிற்று. அதைவிட இரண்டு வாரம் பொறுப்பது மேல்.

உங்கள் கதை வேறு. தேதி இல்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் சிப்பின் வடிவமைப்பிலோ தயாரிப்பு முறையிலோ இருக்கும். ஒரு வேஃபர் (சிப்கள் உருவாக்கப்படும் சிலிக்கான் தகடு) ஆலைக்குள் போய் முழு சிப்பாக வெளியே வரவே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். பிழையைத் திருத்தி, மறுபடி அச்சிட்டு, சோதித்துப் பார்த்தால் அரை வருடம் சாதாரணமாக ஓடிவிடும். தயாரிப்பு முறையே சரிவராவிட்டால் இன்னும் மோசம். இன்டெலின் 10 நானோமீட்டர் சிப்கள் (எண் குறையக் குறைய தயாரிப்பு முறை புதியது) 2016 வாக்கில் வரும் என்று எதிர்பார்த்தோம். 2018-இல் பேருக்கு ஒரு லேப்டாப் சிப் வந்தது. டெஸ்க்டாப்புக்கு வந்து சேர்ந்தபோது 2021 நவம்பர். அதுவரை 14 நானோமீட்டரையே மெருகேற்றி மெருகேற்றி விற்றார்கள். அந்த நாட்களில் "அடுத்த வருடம் வாங்கிக்கொள்கிறேன்" என்று பழைய கணினியோடு மல்லுக்கட்டியவர்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. நீங்கள் தொழிலுக்குப் பயன்படுத்துகிறீர்கள். ரெண்டர் முடிய உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உங்களுக்கு நஷ்டம்.

வெளியீட்டு நாள் வந்தாலும் அன்றே கையில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். முதல் சில மாதங்களில் சரக்கு குறைவாகவும், பயாஸ் (மதர்போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்), டிரைவர் எல்லாம் அரைகுறையாகவும் இருப்பது வழக்கம். எடிட்டிங் மென்பொருள் புதிய சிப்புக்கு ஏற்ப மாறி வரவும் நாளாகும்.

சரி, வாங்கும்போது சாக்கெட்டைப் பாருங்கள், அதாவது மதர்போர்டில் பிராசஸரை மாட்டும் இடத்தை. இதை வற்புறுத்தியே சொல்வேன். 2017-இல் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் உள்ள மதர்போர்டு வாங்கிய பலர், பயாஸை மட்டும் அப்டேட் செய்து, 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசஸரை அதே போர்டில் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த தலைமுறையும் இதே சாக்கெட்டில் வரும் என்று நிறுவனம் அறிவித்திருக்கும் போர்டாகத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் காத்திருந்த பிராசஸர் வரும்போது அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் பழைய ரேம் டிடிஆர்4 வகையாகத்தான் இருக்கும். அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 போர்டில் அது பொருந்தாது என்பதால் ரேமுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். எஸ்எஸ்டியையும் கிராபிக்ஸ் கார்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.