மயிருக்கு மியூட், சண்டாளனுக்கு யு

வணக்கம். நான் பள்ளி ஆசிரியை. மகன் எட்டாம் வகுப்பு. போன வாரம் போனில் விளையாடிக்கொண்டிருந்தவன், தோற்றதும் "ஒரு மயிரும் இல்ல" என்று கத்தினான். அடித்துவிட்டேன். எல்லாம் இந்த இணையத் தொடர்களில் கற்றதுதான். அந்தக் காலத்துப் படங்களைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம், ஒரு கெட்ட வார்த்தை காதில் விழாது. இன்று பெண்கள்கூட வாய் கூசாமல் பேசுகிறார்கள். ஓடிடிக்கும் சென்சார் வந்தால் இதெல்லாம் ஒழியும் அல்லவா?
ம.

அன்புள்ள ம.,

சில நாட்களாக சென்சார் வெட்டுப் பட்டியல்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில், அடித்தது தப்பு. அவன் யாரையும் திட்டவில்லை. தோற்ற எரிச்சலைக் கொட்டினான், அவ்வளவுதான். அந்தச் சொல்லை நீங்களே வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். "தலையின் இழிந்த மயிரனையர் மாந்தர் நிலையின் இழிந்தக் கடை", 964-ஆம் குறள். வள்ளுவருக்கு மயிர் வெறும் மயிர்தான். பிறகு 'முடி' மரியாதையான சொல்லாகி மேலே ஏறிக்கொள்ள, இது கீழே இறங்கியது. நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' சாக்கடைக்குப் போன மாதிரி. சொல்லில் அழுக்கு இல்லை, நாம்தான் பூசுகிறோம்.

இந்தச் சொல்லை சினிமாவில் எப்படி மறைக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? 'மயிரு' என்று சொல்ல அரை நொடிகூட ஆகாது. நொடிக்கு 24 பிரேம் என்றால் பத்துப் பன்னிரண்டு பிரேம். வசனம், இசை, சத்தம் மூன்றும் தனித்தனி டிராக்காகக் கையில் இருந்தால் வசனத்தை மட்டும் அந்த இடத்தில் அடக்கலாம், பின்னணி இசை தொடரும், காதுக்கு உறுத்தாது. மிக்ஸிங் முடிந்து ஒன்றாகக் கலந்த ஒலியில் வெட்டினால் மழைச் சத்தமும் சேர்ந்து காணாமல் போகும், தியேட்டர் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். மாற்றுச் சொல் டப் செய்தால் இன்னொரு சிக்கல். 'ம', 'ப' சொல்லும்போது உதடு ஒட்டும், பார்க்கிறவனுக்கு அது தெரியும். அந்த இடத்தில் 'கழுதை' என்று போட்டால் வாய் ஒன்று சொல்லும், காது ஒன்று கேட்கும். அதனால் உதடு ஒட்டும் சொல்லாகவே தேட வேண்டும். கிடைக்காவிட்டால் மியூட்தான். அந்த இடைவெளியை ரசிகர்கள் சத்தம் போட்டு நிரப்புகிறார்கள். ஒருவன் சொன்னதை முந்நூறு பேர் சொல்ல வைத்ததுதான் மிச்சம்.

தயாரிப்பாளர்கள் ஏன் இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டார்கள்? பண்பாட்டுக்காக அல்ல. தமிழ்ப் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்று 2006-இல் வந்தது. 2011-இல் 'யு' சான்றிதழும் வேண்டும் என்றானது. ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தால் வரி மிச்சம் என்றால் யார்தான் விடமாட்டார்கள்? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்த விலக்கு போயிற்று. 'ஏ' படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது என்ற ஒரு கவலைதான் பாக்கி. ஓடிடி விலை கொடுக்க ஆரம்பித்ததும் அதுவும் தளர்ந்தது. நீங்கள் காலம் கெட்டுவிட்டது என்கிறீர்கள், நான் கணக்கு மாறியது என்கிறேன்.

'அந்தக் காலத்துப் படங்களில் ஒரு கெட்ட வார்த்தை இருக்காது.' இந்த வரியை மட்டும் என்னால் விட முடியவில்லை. நீங்கள் குடும்பத்தோடு பார்த்த அந்தப் படங்களில் "அடப்பாவி, சண்டாளா!" எத்தனை முறை வந்திருக்கும்? சண்டாளர் என்பது தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். துரோகம் செய்தவனைத் திட்ட ஒரு சமூகத்தின் பெயரை எடுத்தோம், அதற்கு 'யு' கொடுத்தோம், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தோம். இதை வசையாகப் பயன்படுத்தக் கூடாது என்று ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் சொல்ல 2024 ஆக வேண்டியிருந்தது. 'கபோதி' என்றால் பார்வையற்றவர். 'நொண்டி', 'பொட்டை', கறுத்த முகத்தைக் கேலி செய்யும் நகைச்சுவை, எதற்கு மியூட் விழுந்தது? விதி இல்லாமல் இல்லை. 1991-இல் வந்த சான்றிதழ் வழிகாட்டுதலிலேயே, எந்தப் பிரிவினரையும் இழிவுபடுத்தும் சொற்கள் கூடாது என்று இருக்கிறது. ஆனால் கத்தரி போனது இரட்டை அர்த்தத்துக்கும் உடலுறுப்புக்கும்தான்.

பெண்ணைக் குறிவைக்கும் வசையையும் பாருங்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் தேவரடியார்கள், அதாவது கோயில் பணிக்கென்று இருந்த பெண்கள், கோயிலுக்கு விளக்கும் நிலமும் கொடை கொடுத்தவர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் என்ற கோயில் பெண்கள் நானூறு பேருக்குத் தெருவும் வீடும் குறித்து, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் எழுதிவைத்திருக்கிறது. அந்தத் 'தேவரடியாள்' தேய்ந்ததுதான் இன்று சண்டையில் முதலில் வந்து விழும் சொல். திட்டு வாங்குகிறவன் ஆண், இழுக்கப்படுகிறவள் அவன் தாய். எந்த வசை கெட்டது என்று கேட்டால் நான் இதைச் சொல்வேன், சாதிப் பெயரைச் சொல்வேன். மயிரைச் சொல்ல மாட்டேன். அதில் யாருக்கும் காயமில்லை.

'பெண்கள்கூட' என்கிறீர்கள். ஆசிரியை எழுதக்கூடிய வார்த்தையா அது? ஆண் பேசினால் கோபம், பெண் பேசினால் கேவலமா? இதற்கு மேல் இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

சென்சார் பற்றி. ஓடிடிக்கு 2021 முதல் வயது வகைப்பாட்டு விதி இருக்கிறது. 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான படைப்பு என்றாலே பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும். மகனுக்குத் தனி புரொஃபைல் திறந்து 13+ வரம்பு வையுங்கள். உங்கள் புரொஃபைலுக்கும் பின் எண் போடுங்கள். பலர் இதை விட்டுவிடுவார்கள், பையன் அம்மா பெயரைத் தொட்டு உள்ளே போய்விடுவான். வசைச்சொல் இருப்பதாலேயே ஒன்று ஆபாசமாகிவிடாது என்று 2024 மார்ச்சில் ஒரு இணையத் தொடர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் பூட்டு உங்கள் கையில்தான்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், ம. கண்ணுக்குள் வைத்து வளர்க்கிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. பிறகு பக்கத்தில் உட்கார வைத்து, வகுப்புப் பையன்கள் சண்டையில் என்னென்ன சொல்லித் திட்டிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். கூச்சப்படாமல் சொல்ல விடுங்கள். அதில் எத்தனை சாதிப் பெயர், எத்தனை அம்மா என்று இருவருமாக எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.