டீச்சரிடம் கேளுங்கள்: கருவேலங்கரி பேட்டரிக்கு ஆகுமா?

தங்கச்சிமடம் வாசகர்: ஸ்கூட்டர் கடையில், "இது நானோ பேட்டரி, அதனால்தான் விலை கூடுதல்" என்கிறார்கள். வாங்கலாமா டீச்சர்?

அந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு நானோ என்பது தனிச் சிறப்பே இல்லை. 1997-இல் அமெரிக்க விஞ்ஞானி குட்எனஃப் குழுவினர் அந்தப் பொருளைப் பற்றி எழுதியபோது, அதற்குள் மின்சாரம் ஓடுவதே பெரும்பாடாக இருந்தது. துகள்களை மிக நுண்ணியதாக்கி, மேலே கரிப்பூச்சும் கொடுத்த பிறகுதான் அது வண்டிக்கு உதவியது. கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள்: உள்ளே என்ன வேதிப்பொருள், எழுத்தில் எத்தனை வருட வாரன்டி, ஐ.பி.67 முத்திரை உண்டா? ஐ.பி.67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். உப்புக்காற்றுக்கு அந்தச் சோதனை பதில் சொல்லாது. இணைப்பு முனைகளின் மூடியைத் திறந்து பார்த்தால் செம்பின் மேல் பச்சையாகப் பொரிந்து நிற்கும். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் அதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

சாயல்குடி வாசகர்: எங்கள் குடும்பத் தொழில் கரிமூட்டம். கருவேலங்கரியில் சோடியம் பேட்டரி செய்யலாம் என்று ஒரு வீடியோ வந்தது. உண்மையா?

அடிப்படை உண்மைதான் தம்பி. இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நம் மாவட்டத்தில் உப்பளமும் இருக்கிறது, கரிமூட்டமும் இருக்கிறது. உப்பில் சோடியம், மூட்டத்தில் கரி: சோடியம் பேட்டரிக்கு வேண்டிய இரண்டு மூலப்பொருள்கள் அவை.

லித்தியம் பேட்டரியில் ஒரு பக்கம் கிராஃபைட் இருக்கும். அதன் கரி அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி 0.335 நானோமீட்டர். (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோமீட்டர்.) சோடியம் அங்கே சரியாக உட்காராது. அதற்குக் 'கடினக் கரி' வேண்டும். கிராஃபைட் வரிசையாக அடுக்கிக் கட்டிய பனையோலைக் கட்டு என்றால், கடினக் கரி அவிழ்த்துக் கொட்டிய ஓலைக் குவியல். அடுக்குகள் தாறுமாறாகக் கிடப்பதால் இடைவெளி 0.37 நானோமீட்டருக்கு மேல் விரிகிறது, நடுநடுவே நுண்ணிய பொந்துகளும் கிடைக்கின்றன. சோடியம் போய்த் தங்குவது அங்கேதான். மரம், சிரட்டை போன்ற தாவரப் பொருள்களைச் சுட்டால் இந்த அமைப்பு இயல்பாகவே வரும்.

ஆனால் உங்கள் மூட்டத்தில் இறக்கிய கரியை அப்படியே பேட்டரிக்குள் போட முடியாது. வெள்ளைப் புகை அடங்கி நீலம் தட்டியதும் மூட்டத்தை அடைக்கிறீர்கள் அல்லவா, அந்தச் சூடு போதாது. காற்றே படாத உலையில் 1,000 டிகிரிக்கு மேல், பெரும்பாலும் 1,200 முதல் 1,400 டிகிரி வரை மறுபடி சுட வேண்டும். அதற்கு முன் சாம்பல் உப்புகளை அமிலத்தில் கழுவி எடுக்க வேண்டும். பொட்டாசியம், கால்சியம் எல்லாம் மரத்திலேயே இருப்பவை. உவர் மண்ணில் வளர்ந்த கருவேலுக்கு இந்தக் கழுவல் இன்னும் முக்கியம். அதன் பிறகு அரைத்து, சலித்து, ஈரம் துளியும் இல்லாமல் வைக்க வேண்டும்.

இங்கே நானோ என்றதும் எவ்வளவு பொடியாக அரைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. பொந்துதான் நானோ அளவில் இருக்க வேண்டும், துகள் அல்ல. துகளை அளவுக்கு மீறிப் பொடித்தால் மேற்பரப்பு கூடிவிடும். முதல் சார்ஜிலேயே சோடியத்தின் ஒரு பங்கு அந்த மேற்பரப்பில் வீணாகப் படிந்து தீர்ந்துபோகும்.

சோடியம் பேட்டரி அதே எடையுள்ள லித்தியத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே தாங்கும். ஆனால் செம்புத் தகடு தேவையில்லை, இரு பக்கமும் அலுமினியமே போதும். வீட்டு இன்வெர்ட்டருக்கும் சோலார் சேமிப்புக்கும் எடை ஒரு பொருட்டல்ல என்பதால் அங்கே அதற்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வீட்டில் மகனோ மகளோ பிளஸ் டூ படித்தால் காரைக்குடியைக் காட்டுங்கள். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சி அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று.

பாம்பன் வாசகர்: டீசல் விலை கட்டுப்படியாகவில்லை. படகுக்கு ஹைட்ரஜன் வருமா?

பயணிகள் படகுக்கு வந்துவிட்டது அண்ணே. கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய ஹைட்ரஜன் எரிபொருள் கலப் படகை 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி விழாவில் பிரதமர் தொடங்கிவைத்தார். (ஹைட்ரஜனை எரிக்காமலே அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவிதான் எரிபொருள் கலம்.) நாட்டுப்படகுக்கு இன்னும் காலம் ஆகும். காரணம் இடம். ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 யூனிட் ஆற்றல் உண்டு, ஆனால் சாதாரண அழுத்தத்தில் அது 12,000 லிட்டர் இடம் பிடிக்கும். காற்றழுத்தத்தைப் போல 700 மடங்கு அழுத்தத்தில் அடைத்தாலும் 25 லிட்டர். டீசல் லிட்டருக்கு 10 யூனிட் தரும். இதில் லிட்டருக்கு 1.3 யூனிட்தான்.

கரி நானோகுழாய் எனப்படும் மிக நுண்ணிய கரிக்குழாய்க்குள் ஹைட்ரஜனை அடைத்துவிடலாம் என்று 1997-இல் பெரிய நம்பிக்கை கிளம்பியது. சாதாரண வெப்பத்தில் அது எடையில் ஒரு சதவீதம்கூடப் பிடிக்கவில்லை. சில உலோகங்களும் ஹைட்ரஜனை உள்ளே பிடித்து வைக்கும். மக்னீசியம் 7.6 சதவீதம் பிடிக்கும், ஆனால் திருப்பி வாங்க 300 டிகிரி சூடு வேண்டும். லாந்தனம்–நிக்கல் கலவை 1.4 சதவீதம்தான் பிடிக்கும், அதுவும் கனம். என்றாலும் சாதாரண வெப்பத்திலேயே வாங்கும், கொடுக்கும். கனம் காருக்குத்தான் பகை. ஜெர்மனியின் 212 வகை நீர்மூழ்கிகள் இப்படி உலோகத்தில் ஹைட்ரஜனை வைத்துத்தான் எரிபொருள் கலத்தை ஓட்டுகின்றன. பெரிய விசைப்படகுக்கு இந்த வழி பொருந்தும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, எரிபொருள் கலத்துக்குள் சில நானோமீட்டர் அளவே உள்ள பிளாட்டினத் துகள்கள் இருக்கும். கச்சான் காற்றில் வரும் உப்புத் தூவானம் அதைக் கெடுக்கும், உள்ளிருக்கும் சவ்வையும் கெடுக்கும். நல்ல காற்று வடிகட்டி இல்லாத எரிபொருள் கலம் நம் கடலுக்கு ஆகாது.

தொண்டி வாசகி: புயலில் கடல் தண்ணீர் புகுந்து மின் ஸ்கூட்டர் மூழ்கிவிட்டது. காயவைத்து சார்ஜ் போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள் அம்மா. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே நிற்கும், அதன் வழியே மின்சாரம் கசியும். சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். ஸ்விட்சைப் போடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய், வீட்டுக்கும் ஓலைக் கொட்டகைக்கும் எட்டத்தில் திறந்த வெளியில் நிறுத்துங்கள். சர்வீஸ்காரரிடம் "கடல் தண்ணீர்" என்றே சொல்லுங்கள், மழைத்தண்ணீர் என்று எண்ணிவிடப் போகிறார்கள். இன்சூரன்ஸுக்கு உதவும், தண்ணீர் நின்ற மட்டம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.